தலைப்புக்கு போல்ட் இட்டாலிக் செரிஃப்: ஃபான்ட் தேடுவதிலிருந்து அச்சுக்குக் கொடுப்பது வரை

ஒரு சிறிய ஆங்கில இதழுக்கு அட்டைத் தலைப்பு செய்யும் வேலை வந்தது. ஒரே ஒரு சொல். தடிப்பாக, வலப்பக்கம் சாய்ந்து, முனைகளில் கூர்மையான செரிஃப் வைத்து வேண்டும் என்றார்கள். பிடித்த ஃபான்ட் ஒன்றை இறக்கினேன், சொல்லைத் தட்டினேன், போல்ட் பொத்தானையும் இட்டாலிக் பொத்தானையும் அழுத்தினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் முடிய ஐந்து வாரம் ஆனது. அட்டை அச்சாகி வந்த பிறகுதான், எழுத்து வடிவங்களின் நுணுக்கம் தெரிந்த ஒருவர் "இது பொய்ச் சாய்வு" என்று காட்டினார். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, அந்த ஃபான்ட் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம் என்பதும் தெரிந்தது. மறு அச்சுச் செலவு என் கையிலிருந்து போனது.

நான் செய்திருக்க வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதுகிறேன். இதுவரை ஃபான்ட் வாங்கியதே இல்லை என்றாலும் பரவாயில்லை. பேச்சு பெரும்பாலும் ஆங்கில எழுத்தைப் பற்றியது. தமிழ் கூட வந்தால் என்ன செய்வது என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

1. இந்த வகை உங்கள் வேலைக்குத் தேவையா?

போல்ட் என்பது கோட்டின் தடிப்பு. இட்டாலிக் என்பது கையெழுத்தின் ஓட்டத்தோடு சாய்த்து வரையப்பட்ட வடிவம். செரிஃப் என்பது கோடு முடிகிற இடத்தில் நிற்கும் சின்னக் கால். டிஸ்ப்ளே என்றால் பெரிய அளவில் பார்ப்பதற்கென்றே வரையப்பட்டது என்று பொருள். நான்கும் ஒரே எழுத்தில் சேரும்போது அது உரக்கவும் பேசும், ஒய்யாரமாகவும் பேசும். அதனால்தான் இதழ்த் தலைப்பு, நூல் அட்டை, சுவரொட்டி, பொருளின் லேபிள், அழைப்பிதழில் பெயர், கட்டுரைக்கு நடுவே பெரிதாக எடுத்துப் போடும் ஒரு வரி ஆகியவற்றுக்கு இதைத் தேடுகிறார்கள்.

ஒரு சொல் முதல் ஐந்தாறு சொல் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் படிக்கிறவர் களைத்துவிடுவார். பத்தி, படிவம், விலைப்பட்டியல், எச்சரிக்கைப் பலகை, கைபேசிச் செயலியின் பொத்தான் எதற்கும் வேண்டாம். பத்திக்குள் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமென்றால், அந்தப் பத்தியின் ஃபான்ட் குடும்பத்திலேயே இருக்கும் போல்ட் இட்டாலிக்கைப் போடுங்கள். டிஸ்ப்ளே ஃபான்ட்டைக் கொண்டுபோய் அங்கே செருகாதீர்கள்.

2. நிஜமும் போலியும்

இந்த ஒரு படியில் நேரம் செலவழித்தால் மற்றப் படிகளில் பாதிச் சிக்கல் வராது.

ஃபான்ட் குடும்பம் என்பது பல கோப்புகள் சேர்ந்தது: ரெகுலர், இட்டாலிக், போல்ட், போல்ட் இட்டாலிக். ஒவ்வொன்றும் தனியாக வரையப்பட்டது. உங்களிடம் ரெகுலர் மட்டும் இருக்கும்போது போல்ட், இட்டாலிக் பொத்தான்களை அழுத்தினால், பல மென்பொருள்கள் "அந்தக் கோப்பு இல்லை" என்று சொல்லாது. இருக்கிற எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்து, சுற்றிலும் கொஞ்சம் மை பூசியதுபோலத் தடிமனாக்கித் தந்துவிடும். பார்த்ததும் தெரியாது. அதுதான் ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, ஸ்மால் ஏ (a), ஸ்மால் எஃப் (f), ஸ்மால் ஈ (e) மூன்றையும் பாருங்கள். நேர் எழுத்தில் ஏ-க்கு இரண்டு மாடி இருக்கும்: கீழே ஒரு வயிறு, மேலே வளைந்த ஒரு கூரை. செரிஃப் இட்டாலிக்கை முறையாக வரைந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கூரையை எடுத்துவிட்டு, கையால் எழுதுவதுபோல ஒரே மாடியாக வரைந்திருப்பார்கள். எஃப்-இன் வால் பல ஃபான்ட்களில் வரிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். எழுத்துகளுக்கு உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் சின்ன வளைவு ஒன்று இருக்கும், பேனா தூக்காமல் அடுத்த எழுத்துக்குப் போவதுபோல. போலிச் சாய்வில் இது எதுவும் இராது. இரண்டு மாடி ஏ அப்படியே சாய்ந்து நிற்கும், காற்றில் சாய்ந்த கம்பம்போல.

அடுத்தது ஓ (o). அதை இயந்திரத்தனமாகச் சாய்த்தால் வலது மேல்மூலையிலும் இடது கீழ்மூலையிலும் இழுத்துவிட்டதுபோல நீண்டு, தடிப்பு இருக்கக் கூடாத இடத்தில் போய் உட்காரும். போலித் தடிப்பு இன்னும் மோசம். நிஜமான போல்டில் தடித்த கோடு தடிக்கும், மெல்லிய கோடு ஏறக்குறைய மெல்லியதாகவே நிற்கும். போலியில் இரண்டும் ஒரே அளவு கூடும். மயிரிழைபோல இருந்த கோடு கயிறாகிவிடும், ஈ-க்குள் இருக்கும் சின்னக் கண் அடைபடும். நான் அச்சடித்த அட்டையில் ஈ-யின் கண் ஊசி நுழையாத அளவுக்கு அடைந்திருந்தது. அத்தனை நாள் தினமும் பார்த்த சொல், எனக்குத் தெரியவில்லை.

சில பிடிகள்:

ஃபோட்டோஷாப்பில் போலித் தடிப்புக்கும் போலிச் சாய்வுக்கும் தனிப் பொத்தான்களே இருக்கின்றன. தவறுதலாக அழுத்தியிருந்தால், சரியான கோப்பைத் தேர்ந்தெடுத்த பிறகும் அதன்மேல் போலி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஏப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற இலவச ஃபான்ட்டைப் பலர் எடுக்கிறார்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைப்பதில் ஒரே ஒரு நேர் வடிவம்தான் உண்டு, இட்டாலிக் கிடையாது. அதைச் சாய்த்துப் பார்த்தால் அது போலிதான். டிஎம் செரிஃப் டிஸ்ப்ளேவில் நிஜ இட்டாலிக் உண்டு, ஆனால் தனியாக போல்ட் இல்லை. அந்த ஒரே எடையே (தடிப்பின் அளவை எடை என்பார்கள்) போதிய கனம். போல்ட் பொத்தானை அழுத்தினால் கெட்டுப்போகும்.

'பிளாக்', 'எக்ஸ்ட்ராபோல்ட்' போன்ற எடைகளைப் பட்டியலில் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். பிளாக்கைப் போட்டுவிட்டு அதன்மேல் போல்ட் பொத்தானை அழுத்தினால், அதைவிடத் தடித்த கோப்பு இல்லாததால் மென்பொருள் தானே மை பூசும்.

வேரியபிள் ஃபான்ட் என்றால் ஒரே கோப்புக்குள் மெல்லியது முதல் தடித்தது வரை எல்லா எடையும் இருக்கும். ஆனால் இட்டாலிக் பெரும்பாலும் தனிக் கோப்பு. ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு "எல்லாம் வந்துவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள்.

3. தேர்வு செய்யும்போது எதைப் பார்ப்பது?

ஃபான்ட் விற்கும் பக்கத்தில் காட்டும் மாதிரிச் சொல்லை நம்பாதீர்கள். அந்த ஃபான்ட்டில் எது அழகாக வருமோ அந்தச் சொல்லைத்தான் போட்டிருப்பார்கள். உங்கள் சொல்லைத் தட்டிப் பாருங்கள். உங்கள் தலைப்பில் எண் இருந்தால் எண்ணையும், 'அண்ட்' குறி இருந்தால் அதையும், கேள்விக்குறி, அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாவற்றையும். சில ஃபான்ட்களில் எண்கள் மேலும் கீழும் இறங்கி ஏறும் பழைய பாணியில் இருக்கும். ஆண்டு போடும் அட்டைக்கு அது சில நேரம் அழகு, சில நேரம் தொல்லை.

பிறகு கனத்துக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசம். போடோனி வகையில் தடித்த கோடு தூண்போலவும் மெல்லிய கோடு நூல்போலவும் இருக்கும். பளபளப்பான தாளில் பெரிதாகப் போட்டால் அதற்கு ஈடில்லை, சின்னதாகப் போட்டால் நூல் காணாமல் போய்விடும். கூப்பர் பிளாக் வகையில் செரிஃப் உருண்டு, மெழுகு உருகியதுபோல இருக்கும், அதற்கு இட்டாலிக்கும் உண்டு. முரட்டுத் தாள், துணி, சின்ன அளவு எதையும் அது தாங்கும். இரண்டுக்கும் நடுவே நிறைய இருக்கின்றன. பிளேஃபேர் டிஸ்ப்ளேவில் போல்ட், எக்ஸ்ட்ராபோல்ட், பிளாக் மூன்றுக்கும் நிஜ இட்டாலிக் இருப்பதால் பழகுவதற்கு அதைத்தான் சொல்வேன். கொஞ்சம் அதிகமாகப் புழங்கிவிட்ட முகம் என்பது அதன் ஒரே குறை.

போடோனி மோடா, ஃப்ரான்சஸ் போன்ற வேரியபிள் ஃபான்ட்களில் 'ஆப்டிக்கல் சைஸ்' என்று கூட்டிக் குறைக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அளவுக்கு ஏற்ப மெல்லிய கோட்டின் தடிமனை மாற்றுவதற்கு அது. போடோனி மோடாவில் 6 முதல் 96 வரை, ஃப்ரான்சஸில் 9 முதல் 144 வரை. அட்டைத் தலைப்புக்குப் பெரிய எண், சிறு துணைத் தலைப்புக்குச் சிறிய எண். ஒரே எண்ணை எல்லா இடத்திலும் வைப்பவர்களே அதிகம், அப்புறம் சிறிய எழுத்தில் நூல் தெரியவில்லை என்பார்கள்.

சாய்வின் அளவையும் பாருங்கள். 12 பாகை சாய்ந்த எழுத்து 10 செ.மீ. உயரம் இருந்தால், அதன் உச்சி அடியைவிட ஏறக்குறைய 2.1 செ.மீ. வலப்பக்கம் தள்ளியிருக்கும். அட்டையின் விளிம்பை ஒட்டித் தலைப்பு வரப்போகிறது என்றால் இந்த 2 செ.மீ. உங்களை அழவைக்கும்.

4. உரிமமும் காகிதங்களும்

எனக்கு அதிகச் செலவு வைத்தது இந்தப் படிதான். பொறுமையாகப் படியுங்கள்.

"இலவசம்" என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு.

முதலாவது, எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். 2007-இல் வந்த 1.1 பதிப்புதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நான் மேலே சொன்ன ஏப்ரில் ஃபேட்ஃபேஸ், டிஎம் செரிஃப் டிஸ்ப்ளே, பிளேஃபேர் டிஸ்ப்ளே, போடோனி மோடா, ஃப்ரான்சஸ் ஐந்தும் இந்த உரிமத்தில்தான் வருகின்றன. வணிக வேலைக்கும் போடலாம், லோகோவுக்கும் போடலாம், இணையத்திலும் ஏற்றலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருவையே திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், உரிமத்தில் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் புதுப் பெயரும் வைக்க வேண்டும். அந்த ஃபான்ட்டில் நீங்கள் செய்த அட்டைக்கும் படத்துக்கும் இந்த நிபந்தனை ஒட்டாது, அது உங்களுடையது.

இரண்டாவது, "சொந்த உபயோகத்துக்கு மட்டும்". நண்பரின் பிறந்தநாள் அட்டைக்குச் சரி. காசு வாங்கும் எந்த வேலைக்கும் கூடாது. பல நேரம் இந்த வரி இறக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு மூலையிலோ, ஜிப் கோப்புக்குள் இருக்கும் உரைக்கோப்பிலோதான் இருக்கும். நான் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. ஃபான்ட் செய்தவர் மரியாதையாகத்தான் மின்னஞ்சல் அனுப்பினார், ஆனால் அதற்குள் அட்டை வெளியே போயிருந்தது.

மூன்றாவது, சோதனைக் கோப்பு. வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளக் கொடுப்பது. இதில் சில எழுத்துகள் இராது, சிலவற்றில் இடைவெளிச் சீரமைப்பு இராது. வாடிக்கையாளருக்கு மாதிரி காட்டக்கூட அனுமதி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் காட்டுங்கள்.

காசு கொடுத்து வாங்கும்போது விலை எதைப் பொறுத்து ஏறும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கணினியில் நிறுவும் உரிமம் எத்தனை பேர் அல்லது எத்தனை கணினி என்பதை வைத்து. இணைய உரிமம் பெரும்பாலும் மாதத்துக்கு எத்தனை முறை பக்கம் பார்க்கப்படுகிறது என்பதை வைத்து. செயலிக்கும் மின்னூலுக்கும் தனித்தனி. ஒன்றை வாங்கினால் மற்றொன்று தானாக வராது. அச்சுக்கு மட்டும் வாங்கிவிட்டு அதே கோப்பை இணையதளத்தில் ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. லோகோவுக்குத் தனி அனுமதி கேட்கும் உரிமங்களும் உண்டு, 'லோகோ' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி: பல இடங்களில் குடும்பம் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை, போல்ட் இட்டாலிக் கோப்பை மட்டும் தனியாக வாங்கலாம். ஒரு சொல்லுக்கு பதினெட்டுக் கோப்பு எதற்கு?

சந்தாவில் கிடைக்கும் ஃபான்ட் வசதிதான். சந்தா நின்றால் அந்த ஃபான்ட் கணினியிலிருந்து போய்விடும், இணையதளத்திலும் வேலை செய்யாமல் போகலாம். பத்து வருடம் இருக்க வேண்டிய தலைப்புக்கு நிரந்தர உரிமம் வாங்குவதே மேல்.

யார் பெயரில் வாங்குவது? வேலையை முடித்துக் கொடுத்த பிறகு வாடிக்கையாளரே அந்த ஃபான்ட்டைத் தொடர்ந்து பயன்படுத்தப்போகிறார் என்றால், அவர் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வாங்கி அவருக்கு பென்டிரைவில் கொடுப்பதைப் பெரும்பாலான உரிமங்கள் அனுமதிப்பதில்லை. மதிப்பீடு அனுப்பும்போதே "ஃபான்ட் உரிமம் தனி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கடைசியில் கேட்டால் முகம் மாறும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்புறை வைத்து இவற்றைப் போட்டு வையுங்கள்: உரிமத்தின் முழு உரை, ரசீது, இறக்கிய நாளும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், ஃபான்ட்டின் பதிப்பு எண், சந்தேகம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும். உரிமங்கள் பிறகு மாறலாம். நீங்கள் வாங்கிய நாளில் என்ன எழுதியிருந்தது என்பதே உங்களுக்குச் சாட்சி.

5. சொல்லை அமைப்பது

தட்டியதும் வருவதை அப்படியே விடாதீர்கள். பெரிய அளவில் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். மொத்தமாகச் சற்று இறுக்கிவிட்டு, பிறகு ஜோடி ஜோடியாகக் கையால் சரிசெய்யுங்கள். சாய்வெழுத்தில் எஃப் தான் பெரிய வில்லன். அதன் தலை வலப்பக்கம் நீட்டிக்கொண்டு அடுத்த எழுத்தின்மேல் படுக்கும். பக்கத்தில் மூடும் அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ வந்தால் நேராக முட்டும். இடித்தால் நடுவில் கொஞ்சம் இடம் விடுங்கள். எஃப், ஐ சேரும் இடத்தில் லிகேச்சர் (இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக வரைந்தது) இருக்கிறதா என்று பார்த்து அதைப் போடுங்கள்.

ஸ்வாஷ் என்று ஒன்று இருக்கும். கேப்பிடல் எழுத்துக்குச் சுருண்ட வால் வைத்த மாற்று வடிவம். சொல்லின் முதல் எழுத்துக்கு ஒன்று போதும், கடைசியில் இன்னொன்று வந்தால் அதுவே விருந்து. சொல் முழுவதையும் ஸ்வாஷ் கேப்பிடலில் போட்டால் யாராலும் படிக்க முடியாது. நானும் ஒரு முறை போட்டிருக்கிறேன், என் அம்மாவுக்கே என்ன எழுதியிருக்கிறது என்று புரியவில்லை.

நடுவில் வைக்கும்போது மென்பொருளின் 'சென்டர்' பொத்தானை அழுத்திவிட்டுப் போகாதீர்கள். அது எழுத்தின் பெட்டியை நடுவில் வைக்கும், எழுத்தை அல்ல. சாய்வில் கீழே இடப்பக்கமும் மேலே வலப்பக்கமும் கனம் கூடுவதால், சரியாக நடுவில் இருப்பது கண்ணுக்குத் தள்ளி நிற்பதுபோலத் தெரியும். பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் எஃப் வால் கீழ்வரியின் எல் தலையில் இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்டுவதற்கு முன், சொற்களை வேறு இடத்தில் மடித்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

தமிழ் கூட வந்தால்: இந்த ஃபான்ட்களில் தமிழ் எழுத்து இராது. அதிலேயே தமிழைத் தட்டினால் மென்பொருள் வேறு ஏதோ தமிழ் ஃபான்ட்டை எடுத்து, அதையும் சாய்த்துத் தடிமனாக்கிவிடலாம். ரோமன் எழுத்துக்கு உள்ளதுபோலத் தனி வடிவம் கொண்ட இட்டாலிக் மரபு தமிழுக்கு இல்லை. சாய்த்த 'ழ'வும் 'ண'வும் சுழிகள் நசுங்கி, 'கி', 'கீ'யின் மேல்விலங்கு அடுத்த எழுத்தைக் குத்தும். தமிழை நேராகவே வையுங்கள். தனியாகத் தடித்த தமிழ் ஃபான்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் கனம் ஒத்துவரும் அளவுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சாய்ந்தும் ஒன்று நேராகவும் இருப்பது குறையாகத் தெரியாது.

6. நிஜ அளவில் சோதனை

திரையில் 400 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்து மகிழ்வதால் பயன் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஃபான்ட் எழுத்துகள் பெரும்பாலும் 1000 அல்லது 2048 அலகு கொண்ட கட்டத்தில் வரையப்படுகின்றன. 1000 அலகு ஃபான்ட்டில் மயிரிழைக் கோடு 20 அலகு தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 72 பாயின்ட்டில் அது 1.44 பாயின்ட், நன்றாகத் தெரியும். அதே ஃபான்ட்டை 12 பாயின்ட்டில் போட்டால் 0.24 பாயின்ட். ஆஃப்செட் அச்சில் 0.25 பாயின்ட்டுக்குக் கீழே போனால் கோடு விட்டுப்போகும் என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. கறுப்பின்மேல் வெள்ளை எழுத்து என்றால் சுற்றியுள்ள மை உள்ளே கசிந்து கோட்டைத் தின்றுவிடும், அதனால் அதற்கு இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வண்ணம் சேர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் வண்ணத் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செரிஃப் நிறம் மாறித் தெரியும்.

துணியில் தையல், ரப்பர் ஸ்டாம்ப், உலோகத்தில் வெட்டுவது போன்றவற்றுக்கு வேலை செய்பவரிடம் "மிக மெல்லிய கோடு எவ்வளவு வரும்?" என்று முதலிலேயே கேளுங்கள். பதிலைப் பொறுத்து வேறு ஃபான்ட் எடுக்க வேண்டி வரலாம். கேட்காமல் போடோனியைத் தையலுக்குக் கொடுத்தால், தூண்கள் மட்டும் திரும்பி வரும்.

7. கோப்பைக் கொடுப்பது

அச்சகத்துக்கு ஃபான்ட் பதிந்த பிடிஎஃப் கொடுங்கள். சில ஃபான்ட் கோப்புகளுக்குள்ளேயே பதிக்க அனுமதி இல்லை என்று குறித்திருப்பார்கள், அப்போது பிடிஎஃப்பில் ஏறாது. தலைப்புச் சொல்லை கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுப்பது வழக்கம்தான். கர்வ் ஆக்கும் முன் எழுத்தாக உள்ள மூலக்கோப்பைத் தனிப் பெயரில் சேமித்துவிடுங்கள், கர்வ் ஆன பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. வேரியபிள் ஃபான்ட்டை கர்வ் ஆக்கினால் எழுத்துத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி வரலாம். சுற்றுக்கோடு கொடுத்தால் உள்ளே குறுக்கே கோடு தெரியும். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைத்த பிறகே அனுப்புங்கள்.

இணையதளத்துக்கு என்றால் வாஃப்2 (இணையத்துக்கென்று சுருக்கிய ஃபான்ட் வடிவம்) கோப்பு ஒன்று போதும். இங்கேயும் போலி வரும், அதுவும் இரட்டையாக. போல்ட் இட்டாலிக் கோப்பை ஏற்றிவிட்டு, சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமுறை) அதன் எடையையும் சாய்வையும் குறிப்பிடாமல் விட்டால், உலாவி அதைச் சாதாரண எடை என்றே எண்ணிக்கொள்ளும். முதன்மைத் தலைப்பு இயல்பாகவே போல்ட் கேட்கும். அப்போது ஏற்கெனவே தடித்த எழுத்தின்மேல் உலாவி இன்னொரு தடிப்பை ஏற்றும். இட்டாலிக்கும் கேட்டிருந்தால் சாய்ந்ததை மறுபடி சாய்க்கும். கோப்பை அறிவிக்கும் இடத்தில் எடை 700, பாணி இட்டாலிக் என்று எழுதுங்கள். கூடவே 'ஃபான்ட் சிந்தசிஸ்' பண்பை 'நன்' என்று வைத்துவிட்டால் உலாவி தானாக எதையும் செய்யாது. கடைசி எழுத்தின் தலை வெட்டுப்பட்டால் பெட்டியின் வலப்பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். எழுத்துக்குள் வண்ணச் சாயல் கொடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

8. எவ்வளவு நாள் ஒதுக்குவது?

என் அனுபவத்தில், தேடுவதற்கும் சொந்தச் சொல்லைப் போட்டுப் பார்ப்பதற்கும் இரண்டு நாள். உரிமம் படிக்க ஒரு மணி நேரம், சந்தேகம் கேட்டு பதில் வர ஒரு வாரம்வரை வைத்துக்கொள்ளுங்கள், தனி ஒருவராக ஃபான்ட் செய்பவர்கள் உடனே பதில் போட முடியாது. சொல்லை அமைக்க அரை நாள், ஆனால் ஒரு இரவு விட்டுவிட்டுக் காலையில் மறுபடி பாருங்கள். மாதிரி அச்சுக்கு இரண்டு மூன்று நாள். மொத்தம் இரண்டு வாரம் என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் பதற்றம் இல்லாமல் முடியும்.

மாதிரி அச்சு கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் ஏ, ஈ, எஃப் மூன்றையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிளேட் போட்ட பிறகு ஒரு எழுத்தை நகர்த்தினாலும் புது பிளேட்டுக்குக் காசு கேட்பார்கள்.